தாயின் நோயும் சேயின் காப்பும்

நன்னூல் பாடஞ்சொல்லும் ஆசிரியர் எவரும் தகுதி வழக்கு என்னும் பகுதியை மகிழ்ச்சியோடு நடத்துவர். அவையிற் கூறத்தகாத ஒன்றை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாக்கிக் கூறுவது மங்கலம். ஒரு குழுவினர் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்கிக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. ‘கால் கழுவி வந்தான்’ என்பதும், இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதும், பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் நாம் ஆண்டுதோறும் காட்டும் எடுத்துக்காட்டுகள். மாணவர் சிரிப்பர், தேர்விலும் பிழையின்றி எழுதுவர்.

இம்மூன்று வழக்குகளும் ஒரே வீட்டில் ஒரே வேளையில் குடிபுகுந்தால் அவ்வீட்டுக் குழந்தைக்கு யாது நேரும்? இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டும். போதைப்பொருளும் எச்.ஐ.வி. கிருமியும் ஒருங்கே புகுந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்த நகரம் நியூயார்க். அவ்வீடுகளின் பிள்ளைகள் தாமும் அதே நோய்க்கு ஆளாகாதபடி காப்பதற்கு அங்கு 1990களில் ஒரு வழி கண்டனர். அவ்வழி மருந்தன்று; ஊசியன்று. பேச்சே அவ்வழி. தமிழ்த்துறை மலரில் இப்பொருளைப் பற்றி எழுத நாம் துணிந்ததும் அதனாலேதான்.

நோய் புகுந்த வழி

1981ஆம் ஆண்டில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. அதற்கு முன்பே நியூயார்க்கில் ஹெராயினை ஊசிவழி ஏற்றிக்கொள்வோர் பெருந்தொகையினராய் இருந்தனர். மருத்துவர் சீட்டின்றி ஊசி வைத்திருப்பது அந்நாளில் அங்குக் குற்றமாயிருந்தது. ஆகவே, பாழடைந்த கட்டடங்களில் ஒரே ஊசி வாடகைக்குக் கிடைத்தது. அது பலர் கைமாறிற்று. 1980களின் நடுப்பகுதிக்குள் அந்நகரில் ஊசி பயன்படுத்துவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிருமிக்கு ஆளாகிவிட்டனர். 1992இல் பழைய ஊசியைக் கொடுத்துப் புதிய ஊசி பெறும் நிலையங்கள் சட்டப்படி அமைந்த பின்னரே அத்தொகை குறையத் தொடங்கிற்று. இடையே கிராக் எனப்படும் புகைக்கும் கொக்கெய்ன் மலிவாகப் பரவியது. அதற்கு ஆட்பட்ட பெண்கள் பலர். பொருளுக்காக உடலை விற்க நேர்ந்தவரும் அவருள் உண்டு. ஊசியைத் தொடாதவருக்கும் ஊசி போடும் கணவர் வழி நோய் வந்தது.

1992இல் கேரல் லெவின், டேவிட் மைக்கேல்ஸ் ஆகிய இருவர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கணக்கு வெளியிட்டனர். நிலைமை மாறாவிடின் 2000ஆம் ஆண்டுக்குள் எய்ட்ஸால் தாயை இழந்த சிறுவரும் வளரிளம் பருவத்தினரும் அந்நாட்டில் 80,000க்கு மேலாவர் என்பது அக்கணக்கு. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. தந்தையை இழந்த பிள்ளையையே அரபி மொழி எத்தீம் என்கிறது. நம் வீடுகளிலும் அச்சொல் அப்பொருளிலேயே வழங்குகிறது. நியூயார்க் கணக்கோ தாயின் இறப்பை அளவாகக் கொண்டது. அவ்வீடுகள் பலவற்றில் தந்தை முன்பே இல்லை; தாயும் போனால் பின் எவரும் இலர்.

இருவகை ஆபத்து

இப்பிள்ளைகளுக்கு நேரக்கூடிய ஆபத்து இருவகை. முதலாவது, கருவிலோ, பிறப்பின்போதோ, தாய்ப்பாலிலோ கிருமி வருவது. இதற்கு மருத்துவம் விரைவில் விடை கண்டது. 1994இல் வெளிவந்த ஆய்வில், ஜிடோவுடின் மருந்தினை உட்கொண்ட தாயரிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைந்தது. இன்று கூட்டு மருந்தினை முறையாக உட்கொண்டு, குருதியில் கிருமி அளந்தறிய முடியாத நிலையிலுள்ள தாயிடமிருந்து கருவுற்ற காலத்திலும் பிறப்பிலும் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இஃது இவ்வளவில் நிற்க.

இரண்டாவது ஆபத்தே கடினமானது. நோயின்றிப் பிறந்து, நோயின்றி வளர்ந்து, பதினான்கு வயதில் தாயின் படுக்கையருகே நிற்கும் பிள்ளையின் நிலையைக் கருதுக. அதன் குருதியில் கிருமி இல்லை. அது வாழும் சூழலில் உண்டு. போதைப்பொருள் எங்குக் கிடைக்கும் என்பதை அது அறியும். துயர் வந்தால் மனிதர் எதை நாடுவர் என்பதையும் வீட்டிலேயே கண்டிருக்கிறது. தாய் இறந்தபின் எவரிடம் போவது என்பதை மட்டும் அறியாது. தெருவில் ஒருவன் பரிவோடு பேசினால் அவனோடு போய்விடக்கூடும். ஐந்து ஆண்டுகளில் அப்பிள்ளைக்கும் நோய் வந்துற்றால் அது தாயிடமிருந்து வந்த நோயன்று. ஆயினும் தாயின் நோயோடு தொடர்பற்றதும் அன்று. பள்ளியில் வைத்து, “ஆணுறை அணிக, ஊசியை விலக்குக” என்று ஒரு மணிநேரம் அறிவுரை கூறினால் இவ்வாபத்து நீங்காது. குடும்பத்தையே பற்றிக்கொண்டு தடுக்க வேண்டியிருந்தது.

முன்னோடிகள்

குடும்பத்தைப் பற்றிக்கொள்ளும் இம்முறை எய்ட்ஸுக்கென்று பிறந்ததன்று. 1982இல் யூட்டா மாநிலத்தில் கேரல் கம்ஃபர் என்னும் உளவியலறிஞர் இதனைத் தொடங்கினார். ஹெராயினை விட முயல்வோர்க்கு வாய்வழி தரப்படும் மெதடோன் என்னும் மாற்று மருந்தைப் பெற்றுவந்த பெற்றோரும் அவர்தம் பிள்ளைகளுமே அவர் எடுத்துக்கொண்டவர்கள். மொத்தம் 14 அமர்வுகள். முதல் ஒரு மணிநேரம் பெற்றோர் ஓர் அறையிலும் பிள்ளைகள் வேறோர் அறையிலும் பயில்வர். அடுத்த மணிநேரம் குடும்பமாக ஒன்றுகூடிப் பயில்வர். பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தருவதைக் காட்டிலும் மூன்றும் சேர்ந்த முறையே மிகுந்த பயன் தந்தது. சேர்ந்து உண்ண உணவும், வந்துபோக வண்டி வசதியும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் ஏற்பாடாயின. இவை அற்பமாகத் தோன்றலாம். கைக்குழந்தையை எவரிடம் விடுவது என்ற கவலையால் கூட்டத்துக்கு வாராத தாயரை நம் ஊர்ப் பெற்றோர் ஆசிரியர் கழகங்களிலும் காணலாம்.

1991 முதல் சியாட்டில் நகரில் ரிச்சர்ட் காட்டலானோவும் அவர்தம் குழுவினரும் மெதடோன் பெறும் பெற்றோரைக் கொண்ட 130 குடும்பங்களில் இதையொத்த முயற்சியைச் செய்தனர். ஓராண்டில் பெற்றோரின் ஹெராயின் பழக்கம் நன்கு குறைந்தது. பிள்ளைகளிடமோ பெரிய மாற்றம் எதுவும் புலப்படவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்து, அப்பிள்ளைகள் வளர்ந்த பின்னர் மீண்டும் தேடிச்சென்று பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் ஆண்மக்கள் போதைக்கு அடிமையாவது குறைந்திருந்தது. பெண்மக்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. இத்துறையில் எழுதுவோர் சிலர் எல்லாம் வெற்றி என்றே கூறிச்செல்வர். நாம் அவ்வாறு கூறவியலாது. தாய் திருந்தினால் பிள்ளை தானே தேறிவிடும் என்ற எண்ணம் ஆய்வில் நிலைபெறவில்லை.

பேசக் கற்றல்

நியூயார்க்கில் மேரி ஜேன் ராதரம்-போரஸ் என்னும் உளவியலறிஞர் நகர அரசின் எய்ட்ஸ் பணிப் பிரிவோடு சேர்ந்து 1993இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பதின்வயதினரும் பெரியோரும் பேசிக்கொள்ளக் கற்றல் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘டாக்’ என்று பெயரிட்டனர். பேசுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் ஒலியும் அதுவே. எய்ட்ஸ் நோயுற்ற 300க்கு மேற்பட்ட பெற்றோரும், அவர்தம் வளரிளம் பருவப் பிள்ளைகள் 400க்கு மேற்பட்டோரும் அதில் சேர்ந்தனர். பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் தாயர். போதைப்பொருள் பழக்கம் உடையவராய் இருந்தோர் பலர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி தரப்பட்டது. மற்றப் பகுதியினர் வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றனர்.

பயிற்சி மூன்று பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதியில் தாயர் மட்டுமே இருப்பர். தம் நோயைத் தாமே ஏற்றுக்கொள்வது எவ்வாறு, அச்சத்தையும் சினத்தையும் தாங்குவது எவ்வாறு, பிள்ளையிடம் கூறலாமா, கூறின் எப்போது, எச்சொற்களால் என்பன அங்கு ஆராயப்பட்டன. இரண்டாம் பகுதியில் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வர். தாய்க்குப் பின் யாரிடம் வாழ்வது, போதையையும் பாலுறவு ஆபத்தையும் விலக்குவது எவ்வாறு என்பன அப்பகுதியின் பொருள். மூன்றாம் பகுதி தாயின் மறைவுக்குப் பின்னர். பிள்ளையும் புதிய காப்பாளரும் ஒருவரோடொருவர் வாழப் பழகுவதற்காக அமைந்தது.

பயிற்சியின் கருவிகள் எளியவை. தாளில் ஒரு வெப்பமானி வரைந்திருக்கும். அதில் 0 முதல் 100 வரை எண்கள். “இன்று உன் மனக்கொதிப்பு எந்த எண்ணில் நிற்கிறது?” என்று கேட்பர். அச்சம், வெட்கம், சினம் என்று பெயரிட்டுச் சொல்ல இயலாத பிள்ளைகூட எண்பது என்று சொல்லிவிடும். எண்பதைத் தொட்டால் பேசாதே, நாற்பதுக்கு இறக்கிவிட்டுப் பேசு என்று பழக்கினர். மற்றொன்று, சிறிய அட்டை வில்லைகள். ஒருவர் நல்லது செய்தால் அதை வாயால் கூறி ஒரு வில்லையைக் கொடுக்க வேண்டும். பல்லாண்டுகளாக வசையையே கேட்ட வீடுகளில் இவ்வில்லைகள் கைமாறின. இலக்கணத்தில் நாம் கூறும் இடக்கரடக்கலை அங்கு ஒவ்வொரு சொல்லாக அவிழ்த்தனர் எனலாம். குழூஉக்குறியையும் அவ்வாறே வெளிக்கொணர வேண்டியிருந்தது. ஊசியும் அதன் துணைப்பொருள்களும் அந்நகரத்துப் போதைக் குழுவினரிடையே ‘வொர்க்ஸ்’ எனப்படும். வேலை என்னும் பொருள்தரும் சொல்லின் பன்மை வடிவம் அது. பெரியோர் மறைத்துப் பேசியதாக எண்ணிக்கொண்டிருந்த சொற்கள் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கும்; தெரியும் என்பதை அவர்கள் மறைத்து வைத்திருப்பர்.

உண்மையைக் கூறிவிட்டாலே போதும் என்று படிப்போர் கருதக்கூடும். 1997இல் இதே குழுவினர் வெளியிட்ட முடிவு அக்கருத்தைக் கலைத்தது. தாயின் நோயைப் பற்றி அறிந்த பிள்ளைகளிடமே, அறியாத பிள்ளைகளைக் காட்டிலும், மனத்துயரும் புகைப்பழக்கமும் பாலுறவு ஆபத்தும் மிகுதியாகக் காணப்பட்டன! ஆயின் மறைப்பது நன்று என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே நம் கருத்து. கூறப்பட்ட பின் பிள்ளை தனித்து விடப்பட்டதே தீங்கு எனத் தோன்றுகிறது. செய்தி தலையில் இறக்கிவைக்கப்பட்டது. அதனைச் சுமக்கும் வகை கற்பிக்கப்படவில்லை. ஆகவேதான் தாய் முதலில், பின்னர் பிள்ளை, பின்னர் காப்பாளர் என்னும் வரிசையைத் திட்டத்தார் வகுத்திருந்தனர். உண்மையைக் கூறுதல் அவ்வரிசையின் நடுவில் ஒரு படியேயன்றி முடிவன்று.

பெண்மக்களைப் பற்றித் தனியே ஒரு சொல். நோயுற்ற தாய்க்கு மருந்தெடுத்துக் கொடுத்து, சமைத்து, தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பித் தாமே தாயாகிவிடும் சிறுமியர் அங்கு மிகுதி. இவ்வாறு பெற்றோர் நிலையை ஏற்ற பிள்ளைகளிடம் ஆபத்தான நடத்தை கூடுதலாகக் காணப்படுவதாக 1999இல் அக்குழு எழுதிற்று. ஆறாண்டுகள் தொடர்ந்து நோக்கி 2007இல் எழுதியபோதோ, அப்பிள்ளைகளே துன்பத்தைத் தாங்கும் திறத்தில் மேம்பட்டு, மதுவையும் புகையிலையையும் குறைவாக நாடினர் என்று கண்டது. சுமையே கேடு என்றோ, சுமையே நன்மை என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட இயலாத செய்தி இது. நம் வீடுகளில் மூத்த பெண்பிள்ளையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் பெரியோர் இவ்விரு முடிவுகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

பயிற்சியின் பயனை 2001 முதல் வரிசையாக வெளியிட்டனர். இரண்டாண்டுகளில், பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளிடம் மனத்துயரும் ஒழுங்கற்ற நடத்தையும் குறைந்திருந்தன. நான்காம் ஆண்டில் இளவயதிலேயே தாமும் பெற்றோராகிவிட்ட பிள்ளைகள் பயிற்சி பெற்றோரிடையே குறைவு. ஆறாம் ஆண்டில் வேலையிலிருப்போர் மிகுதி. இடையே 1996இல் கூட்டு மருந்து முறை வந்தது. இறப்பை எதிர்நோக்கியிருந்த தாயர் பலர் உயிர் பிழைத்தனர். இறப்புக்குப் பிந்திய நாளுக்கென்று வகுத்த திட்டம் வாழ்வுக்கும் உதவ வேண்டியதாயிற்று.

வாய் திறவாமைக்கு மற்றொரு காரணம்

இத்தாயர் மறைத்தது நாணத்தால் மட்டுமன்று. போதைப்பொருள் பயன்படுத்துகிறேன் என்று கூறும் தாயிடமிருந்து அரசு பிள்ளையைப் பிரித்துக்கொண்டுபோய்விடும். 1989இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் ஓர் அரசு மருத்துவமனை, பேறுகாலத்துக்கு வந்த பெண்களின் சிறுநீரை அவர்தம் ஒப்புதலின்றிச் சோதித்துக் காவல்துறைக்குத் தெரிவித்தது. முப்பது பெண்கள் கைதாயினர். 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒப்புதலின்றி இவ்வாறு சோதித்தல் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து வந்த நீதி அது. மருத்துவரிடம் போனால் பிள்ளை பறிபோகும் என்று அஞ்சும் தாய் மருத்துவரிடம் போவாளா? அவள் போகாவிடின் கருவிலுள்ள பிள்ளைக்கு மருந்து ஏது?

இதற்கு நேர்மாறான ஒரு நற்செயலை நியூயார்க் மாநிலம் 1992இல் செய்தது. அதற்கு முன்னர், தாய் தன் பிள்ளைக்குக் காப்பாளரை உயிரோடிருக்கும்போதே அமர்த்த விரும்பினால் தன் உரிமையைத் துறக்க வேண்டும். அன்றேல் உயிலில் எழுதிவைத்து, இறந்தபின் நீதிமன்றம் ஏற்குமோ ஏற்காதோ என்று ஐயுற்றே கண்மூட வேண்டும். புதிய சட்டம் காத்திருக்கும் காப்பாளர் என்னும் நிலையை உண்டாக்கிற்று. தாய் இன்றே ஒருவரைக் குறிப்பாள். அவள் இயலாநிலை அடையும் நாளிலோ இறக்கும் நாளிலோ அவர் பொறுப்பேற்பார். அதுவரை தாய் தாயாகவே இருப்பாள். பாட்டியரும் சிற்றன்னையரும் இவ்வாறு பொறுப்பேற்றனர். பேச்சுப் பயிற்சியின் இரண்டாம் பகுதிக்கு இச்சட்டம் கைகொடுத்தது. யாரிடம் வாழ்வேன் என்ற பிள்ளையின் கேள்விக்குத் தாய் கூறும் விடை வெறும் ஆறுதலாக நில்லாமல், கையொப்பமிட்ட தாளாயிற்று.

நம் பக்கம்

இவை யாவும் அயல்நாட்டுச் செய்திகள் என்று மலரை மூடிவிடல் ஆகாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், தமிழகத்தில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகளில் அது வெளிப்பட்டது. நம் மாநிலத்தில் நோய் பெரிதும் ஊசிவழி வந்ததன்று. கணவர் வழி மனைவியர்க்கு வந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களிலெல்லாம் புள்ளிராஜாவைப் பற்றிய வினா எழுதப்பட்டிருந்ததைப் பலரும் நினைவுகூர்வர். அவ்வினா ஆடவனைப் பற்றியது. அவன் வீட்டிலிருந்த தாயையும் பிள்ளையையும் பற்றிச் சுவர்கள் ஏதும் கேட்கவில்லை.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் முதலாண்டு பயின்ற மாணவர் ஒருவர் அடிக்கடி வகுப்புக்கு வருவதில்லை. கேட்டால், “அம்மாவுக்குச் சுகமில்லைங்க ஐயா” என்பார். அந்த ஆண்டின் நடுவில், “அம்மா போயிட்டாங்கய்யா” என்றார். அதற்கு முந்திய வாரந்தான் ‘துஞ்சினார்’ என்பதை மங்கலத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறியிருந்தோம், அவரும் எழுதிக்கொண்டிருந்தார். என்ன நோய் என்று நாம் வினவவில்லை, அவரும் கூறவில்லை. பட்டம் பெற்றுச் சென்று சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் வந்து, தாயும் தந்தையும் எந்நோயால் இறந்தனர் என்பதைத் தாமே கூறினார். “எங்ககிட்ட யாருமே சொல்லலைங்கய்யா. மாத்திரை டப்பாவைப் பார்த்து நானாத்தான் தெரிஞ்சுகிட்டேன். தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வருஷம் யோசிச்சேன்” என்றார். தாய் இறந்த பின் தங்கையை ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சென்றபோது, விண்ணப்பத்தில் காப்பாளர் என்னும் இடத்தில் தம் பெயரை எழுதினாராம். வயது பதினேழு. பள்ளி அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை. தூரத்து உறவினர் ஒருவரை அழைத்துவரும் வரை அச்சிறுமி இரண்டு மாதங்கள் வீட்டிலிருந்தாள்.

2017இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2018 செப்டம்பர் 10ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நோயுற்ற பெற்றோர், தாம் இறந்தாலோ இயலாநிலை எய்தினாலோ உடனே பொறுப்பேற்கும் காப்பாளரை உயிலின் வழி முன்கூட்டியே குறிக்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. நோயால் தாக்குண்ட குடும்பத்தின் பொறுப்பைச் சுமந்துவரும், 12 வயது நிரம்பி 18 வயதுக்கு உட்பட்ட, போதிய பக்குவமுடைய பிள்ளை, தன் தம்பி தங்கையரைப் பள்ளியில் சேர்க்கவும், மருத்துவம் பார்க்கவும், வங்கிக் கணக்கை நடத்தவும் காப்பாளராகக் கையொப்பமிடலாம் என்றும் கூறுகிறது.

அம்மாணவரிடம் இதனைத் தொலைபேசியில் தெரிவித்தோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “தங்கச்சி இப்ப பி.எட். முடிச்சிட்டாங்கய்யா” என்றார்.